குளியலறைச் சுவரில் வந்துகொண்டிருந்தவர்

அர்த்தநாரி திரும்பி வந்தது இடது கால் பெருவிரலில் இருந்துதான்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, ஒரு கரட்டின், மொட்டைப் பாறைக்குன்றின், முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த அந்தக் காலனிக்கு ஒரே போர்வெல், ஒரே மேல்தொட்டி. குடிக்கக் காவிரித் தண்ணீர் எப்போதாவது வரும், மற்றதற்கெல்லாம் இந்தப் போர்வெல் தண்ணீர்தான். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீர், தொட்ட இடத்திலெல்லாம் தன்னில் கொஞ்சத்தை வைத்துவிட்டுத்தான் நகரும். வாளியில் வெள்ளை வளையம், குழாய் மூக்கில் வெள்ளைத் தாடி, ஹீட்டருக்குள் ஓடு ஓடாகச் சுண்ணாம்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காமல் திரிந்த பால் மாதிரி துணியில் ஒட்டிக்கொள்ளும், சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வரும், கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் முதல் மாதமே தாய்வீட்டுக்கு ஃபோன் போட்டு, மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைப் பற்றியே அழுவார்கள்.

நவமணியின் குளியலறையில் மேலே குழாய் வளையும் இடத்தில் ஒரு கசிவு இருந்தது. அதிலிருந்து நூல் போலத் தண்ணீர் இறங்கிச் சுவரோடு வழிந்து, வழிந்த தடமெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கத்தியால் அதைச் சுரண்டிவிடுவாள். அப்படிச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையோரத்தில் கத்தி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். ஒரு பெருவிரல், நகம் நடுவில் பிளந்தது. போர் போடும் வண்டியில் இரும்புக் கம்பி நழுவி விழுந்து பிளந்த நகம் அது, அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். கத்தியைக் கீழே வைத்தாள், விரலின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள், அடுப்பில் உலை கொதிக்கும் ஞாபகம் வந்து எழுந்து போனாள்.

அவள் புருஷன் அர்த்தநாரி போர் போடும் ரிக் வண்டிக்காரன். அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் போல அவனும் வண்டியோடு வடக்கே போய், யாருடைய நிலத்திலோ யாருக்கோ தண்ணீர் தோண்டிக் கொடுத்துவிட்டு, வைகாசித் தேருக்கு ஊர் திரும்புவான். ஒரு வைகாசிக்கு வண்டி வந்தது, அவன் வரவில்லை. சத்தீஸ்கரில் ஏதோ ஒரு சாலையோரக் கடையில் டீ குடிக்க இறங்கினான், பெஞ்சில் பாதி டீயோடு கிளாஸ் இருந்தது, ஆளைக் காணோம் என்றார் வண்டி முதலாளி. தேடினார்கள், பாஷை தெரியாத ஒரு ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்கள், வேறென்ன செய்ய முடியும். மகள் சுகிர்தா அப்போது பள்ளிக்கூடம் சேராத குழந்தை. நவமணி ஒரு கல்லூரி விடுதிச் சமையற்கட்டில் சப்பாத்தி தேய்க்கச் சேர்ந்தாள். போனவனுக்குக் காரியம் செய்வதா, இருப்பவனுக்கு நோன்பு இருப்பதா என்று தெரியாமல், நின்றபடி சாப்பிட்டு, உட்கார்ந்தால் எழுந்து, எழுந்தால் வாசலுக்குப் போய், வாசலில் ஒன்றுமில்லை என்று உள்ளே வந்து, இப்படியே வருஷங்களைக் கழித்தாள். உட்கார்ந்து அவள் ஒரு டம்ளர் காபி குடித்ததைக் காலனியில் யாரும் பார்த்ததில்லை.

பாதம் முழுசாக வந்து, கணுக்கால் திரண்டபோது சுகிர்தா கேட்டாள், "அம்மா, செவுத்துல வர்றது அப்பாவா?"

"ஆமா கண்ணு. அந்தப் பக்கம் சோப்பு வெக்காத, வழுக்கீரும்."

முழங்கால் வந்த பிறகு இருவரும் அங்கே குளிப்பதை நிறுத்தினார்கள். வயசுக்கு வந்த பெண் அப்பன் கால்மாட்டில் நின்று எப்படிக் குளிப்பாள்? பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்திடம் காரணத்தைச் சொல்லி, அவள் வீட்டில் குளித்துக்கொள்ளக் கேட்டாள் நவமணி. சம்பூர்ணம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"அர்த்தநாரி காலுதான். ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்திருக்கலாமல்லோ மனுசன். எங்கூட்டுக் குழாயுந்தான் ஒழுகுது, ஒருத்தரும் வரக் காணம்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போவதைப் போல ஆட்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள், குளியலறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள், "நல்லா வந்துக்கிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். விபூதி பூச வந்தவர்களை நவமணி தடுத்தாள், அவருக்குச் சூட்டு உடம்பு, அரிக்கும் என்றாள். காணாமல் போனவர் பற்றிய புகார் இந்த ஸ்டேஷனிலும் இருந்ததால் ஒரு ஏட்டு வந்து பார்த்து, 'முழங்கால் வரை வந்துள்ளார், மீதி எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதிக்கொண்டு போனார். இடுப்பு வந்ததும் நவமணி ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கியைச் சுற்றிவிட்டாள், ஆணி அடிக்க மனமில்லாமல் கயிற்றால் கட்டினாள். அதற்குள் காலனியில் காலமே அவரை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொடை வந்தப்ப எங்க வாணிக்குக் கல்யாணம் என்பார்கள், தொப்புள் வந்த வாரம் மாடு கன்று போட்டது என்பார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தங்கள் வீட்டிலும் யாராவது வரலாம் என்று எல்லோரும் ஒழுகுகிற குழாய்களை அப்படியே விட்டார்கள், ஒழுகாத குழாய்களைத் திருகி ஒழுக வைத்தார்கள். சம்பூர்ணத்தின் சமையலறைச் சுவரில் ஒரு முழங்கை வந்தது. யாருடைய முழங்கை என்று சொந்தபந்தங்களையெல்லாம் கூட்டிவந்து காட்டியும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை, யாருடையதோ, சுரண்டிவிட மனசு வருமா, அதன் மேல் கரித்துணி காயப்போட்டாள். காலனிச் செயலாளர் கந்தப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் வீட்டுக் குழாயடியில் ஒரு விசில் வந்தது, எவ்வளவு ஊதியும் சத்தம் வரவில்லை. தொட்டி பகலிலேயே காலியாக ஆரம்பித்தது. ஹீட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. கட்டைவிரல் நுழைந்த குழாய்க்குள் இப்போது சுண்டுவிரல் நுழையவில்லை. ஆண்டவன் அர்த்தநாரியை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு அடைப்பை அனுப்புகிறான் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

சுகிர்தாவுக்குத் தோல் வெடித்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் விரல் இடுக்கு, பிறகு மணிக்கட்டு, பிறகு கழுத்து. நர்சிங் சேர்ந்திருந்தாள், ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டிய படிப்பு, வீட்டுக்கு வந்தால் இந்தத் தண்ணீர். தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பாள், காலையில் துணியைப் பிரித்தால் தோலும் கூடவே வரும். ஈரோட்டுத் தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து எழுதித் தர்றேன். தண்ணிய மாத்தாம மருந்து மட்டும் பூசினா, ஓட்டை வாளியில எறைக்கற மாதிரிதான்" என்றார்.

கந்தப்பன் கூட்டம் போட்டார். சங்ககிரி ரோட்டில் தண்ணீர் மென்மையாக்கும் கருவிகள் விற்கும் முபாரக்கை அழைத்திருந்தார். முபாரக் கண்ணாடிக் குப்பியில் காலனித் தண்ணீரைப் பிடித்து, மருந்து கலந்தார். தண்ணீர் திராட்சைச் சாறு போலச் சிவந்தது. அது நீலமாகும் வரை வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், எத்தனை சொட்டோ அத்தனை கடினம் என்றார். விட்டுக்கொண்டே இருந்தார். கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. சிவப்பு மாறவேயில்லை.

"ஏனுங்க, இது தண்ணியா, கரைச்சு வெச்ச மலையா?" என்று கடைசியில் குப்பியைக் கீழே வைத்தார்.

பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையகல டப்பாவைக் குழாயில் மாட்டுவதற்கெல்லாம் இந்தத் தண்ணீர் அடங்காது என்றார். எத்தனை பேர் புழங்குகிறார்கள், தண்ணீர் எவ்வளவு கடினம், இரண்டையும் பார்த்துத்தான் கருவியின் உருளை அளவைச் சொல்ல வேண்டும், பக்கத்து ஊர்க்காரன் வாங்கினான் என்று அதையே வாங்கக்கூடாது. இந்தத் தண்ணீரில் இரும்புக் காவியும் இருக்கிறது, அது நேராகப் போனால் ரெசின் வீணாகிவிடும், அதனால் முதலில் காவியைப் பிடிக்கும் மணல் உருளை, அதற்கப்புறம் ரெசின். பையிலிருந்து ரெசினை எடுத்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கேழ்வரகு மாதிரி, தேன் நிறத்தில், உருண்டை உருண்டையாக இருந்தது.

"இதுதான் சுண்ணாம்பைப் புடிச்சு வெச்சுக்கும். ஒரு அளவுக்கு மேல புடிக்க இதுக்கும் எடம் இருக்காது. அப்ப உப்புத் தண்ணியில கழுவிவிட்டா, புடிச்சதையெல்லாம் விட்டுட்டு மறுபடி புதுசாயிரும். கல்லுப்பு போடுங்க, மண்ணு இல்லாத உப்பா பாத்துப் போடுங்க. அதை மட்டும் மறக்கக்கூடாது."

"விட்டுட்டு மறுபடி புதுசாயிருமா?" என்றாள் பின்னால் நின்றிருந்த நவமணி. உட்கார நாற்காலி இருந்தது, அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"ஆயிருங்க்கா."

கூட்டம் நவமணி பக்கம் திரும்பியது. கந்தப்பன்தான் தொண்டையைக் கனைத்தார். "அம்மணி, இதை மாட்டினா உங்கூட்டுக்காரரு வர்றது நின்னு போயிரும். நெஞ்சு வரைக்கும் வந்துட்டாரு. நீயே சொல்லு."

"வாயி வரட்டுங்கண்ணா" என்றாள் நவமணி. "வாயி வந்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். சுகிர்தாவின் துணி சுற்றிய கைகளை எல்லோரும் பார்த்தார்கள், சுகிர்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்று இரண்டும் கெட்ட ஒரு முடிவுக்கு வந்தார்கள். கருவியைத் தொட்டிக்குக் கீழே மாட்டிவிடுவது, ஆனால் தண்ணீரை அதற்குள் விடாமல் பக்கவாட்டுக் குழாய் வழியே பழையபடியே அனுப்புவது, நவமணி சொல்கிற நாளில் வால்வைத் திருப்புவது.

நீல உருளைகள் வந்தன, நின்றன, தண்ணீர் அவற்றைத் தொடாமல் ஓடியது. தினமும் காலையில் யாராவது வாசலில் நின்று கேட்பார்கள்.

"எந்த மட்டுக்கு வந்திருக்காரு நவமணி?"

"தோளு வந்துருச்சுங்க."

"கழுத்து?"

"ஆரம்பிச்சிருக்குது."

முபாரக் வாரம் தவறாமல் வந்து உருளையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரெசினைச் சும்மா போட்டு வைத்தால் பாசி பிடிக்கும், நாற்றம் எடுக்கும், மணல் கட்டி தட்டிவிடும் என்று யாரிடமாவது புலம்பிவிட்டுப் போவார். சம்பூர்ணத்தின் வாஷிங் மெஷின் ஒரு நாள் கடகடவென்று ஆடி, நடந்து, கதவருகே வந்து நின்று செத்துப்போனது. அன்று நவமணி குளிக்க வந்தபோது சம்பூர்ணம் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினாள். நவமணிக்கு எல்லாம் புரிந்தது. சப்பாத்தி தேய்க்கையில் கை நின்றுவிடும், வட்டமாக வரவேண்டியது எந்தத் தேசத்தின் வரைபடமோ போல நீளும், வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள், குளியலறையில் எட்டிப் பார்ப்பாள், அதே கழுத்து, அதே ஈரம், மறுபடி பஸ் ஏறுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சுகிர்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. வெடிப்புகளில் சீழ் வைத்திருந்தது. கைக்குக் களிம்பு பூசிக்கொண்டே நவமணி கேட்டாள், "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா அன்னைக்கே வால்வத் திருப்பச் சொல்லியிருப்பனே கண்ணு. ஏன் சொல்லலை?"

சுகிர்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எனக்கு அவரு கொரலே ஞாபகம் இல்லம்மா. எப்படிப் பேசுவாருன்னு ஒரு தடவை கேக்கலாம்னுதான்."

மறுநாள் மதியம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, குளியலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. நவமணி கஞ்சிப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தாடை வந்திருந்தது, அதற்கு மேல் பீடிக்காவி ஏறிய உதடுகள் வந்திருந்தன, மேலே மூக்கு இன்னும் ஒரு மேடாகத்தான் இருந்தது, கண்ணுக்கு இன்னும் இடமே ஆகவில்லை. ஈரம் உதட்டில் இறங்கியது, உதடு அசைந்தது.

"சாப்பிட்டியா?" என்றான் அர்த்தநாரி.

நவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க. ஏன் போனீங்க? எங்க போனீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"பாப்பா தூங்கிருச்சா?"

சுகிர்தா காய்ச்சலோடு எழுந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பத்தொன்பது வயசு, இரண்டு கையிலும் கட்டு. "இல்லீங்கப்பா" என்றாள். "இங்கதான் நிக்கறேன்."

"சரி. வெச்சுரட்டா?" என்றான் அர்த்தநாரி.

அவ்வளவுதான். உதட்டில் அடுத்த ஈரம் இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தான், சாப்பிட்டியா, பாப்பா தூங்கிருச்சா, சரி, வெச்சுரட்டா. எந்த ஊரில் இருந்தாலும், எத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டாலும், ஃபோனில் அவன் பேசியது இந்த மூன்றும்தான். பின்னால் ரிக் இரையும், அவனும் கத்துவான், இவளும் கத்துவாள், வெச்சுரட்டா என்பதற்கு இவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவான்.

காலனி வந்தது. வாசலிலிருந்து குளியலறை வரை நின்றது. எத்தனை முறை கேட்டாலும் அவன் மூன்றையும் வரிசையாகச் சொன்னான். கந்தப்பன் மரியாதைக்கு முன்னால் போய், "சாப்பிட்டேம்ப்பா" என்றார். ரிக் வண்டியில் கூட வேலை பார்த்த ஒருவன் வந்து, "அர்த்தநாரி, அன்னைக்கு டீக்கடையில எறங்கி எங்கடா போனே?" என்று கேட்டு, "பாப்பா தூங்கிருச்சா?" என்று பதில் வாங்கி, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். கண் வந்தால் ஆளைப் பார்த்துப் பேசுவார் என்றார் ஒருவர். காது வந்தால்தானே நாம் கேட்பது அவருக்குக் கேட்கும் என்றார் இன்னொருவர். இன்னும் ஒரு மாசம் பொறுக்கலாம், இவ்வளவு பொறுத்தோம் என்றாள் சம்பூர்ணம், நிஜமாகத்தான் சொன்னாள், அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

நவமணி எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னாள். சுகிர்தாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"கொரலு கேட்டுட்டியா கண்ணு?"

"கேட்டுட்டேம்மா."

"அவருக்குக் கண்ணு வந்து என்னைப் பாத்துட்டார்னா என்னால முடியாது பாப்பா. அதுக்கு முந்தியே வால்வத் திருப்பிரணும்."

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். சேலை நனைந்தது. அவள் உட்கார்ந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்த சம்பூர்ணம் மற்றவர்களைப் பார்த்துக் கையால் சும்மா இருக்கச் சொன்னாள்.

"சாப்பிட்டியா?" என்றான் அர்த்தநாரி.

"சாப்பிட்டேனுங்க."

"பாப்பா தூங்கிருச்சா?"

"பாப்பா வளந்துருச்சுங்க. நர்சுக்குப் படிக்குது. கை சரியானா நல்லா வந்துரும்."

"சரி. வெச்சுரட்டா?"

 சொட்டு ஒன்று உதட்டில் திரண்டு, தொங்கி, விழுந்தது.

"வெச்சுருங்க" என்றாள்.

எழுந்து, சேலையைப் பிழிந்துகொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் நடந்து, தொட்டிக்குக் கீழே போனாள். முபாரக்கை வரச் சொன்னார்கள். அவர் வந்து உருளைகளைக் கழுவிவிட்டார், கழுவின தண்ணீர் செம்மண் குழம்பு போல வந்து, மோர் போல ஆகி, கடைசியில் தெளிந்தது. வால்வு எந்தப் பக்கம் என்று காட்டினார், நவமணிதான் திருப்பினாள்.

அர்த்தநாரி ஒரே நாளில் போய்விடவில்லை. மென்மையான தண்ணீர் வழிந்த இடத்தில் உதடு முதலில் மழுங்கியது, ஒரு வாரம் 'சாப்பிட்டியா' மட்டும் சொன்னான், பிறகு அதுவும் இல்லை. தாடையும் தோளும் செதில் செதிலாகப் பெயர்ந்து விழுந்தன. தாயும் மகளும் அவற்றைக் கூட்டி ஒரு புதுப் பானையில் சேர்த்தார்கள், கடைசியில் பவானி கூடுதுறைக்கு பஸ்ஸில் கொண்டுபோய், ஐயரிடம் என்ன ஏது என்று விவரம் சொல்லி, அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்து, ஆற்றில் விட்டார்கள். தண்ணீர் ஒரு நிமிஷம் வெளுத்து, அப்புறம் ஆறு மாதிரியே ஓடியது. சம்பூர்ணத்தின் சுவரிலிருந்த முழங்கையும் விழுந்துவிட்டது. யாருடையதென்று கடைசிவரை தெரியாததால் அதையும் அதே பானையில் போட்டு அனுப்பினாள். ஏட்டு ஒரு தடவை வந்தார், வெறும் சுவரைப் பார்த்தார், எழுதாமல் போய்விட்டார்.

உப்புப் போடும் முறையை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள். யாராவது மறந்தால் தண்ணீர் பழையபடி கடினமாகிவிடும். அந்த நாட்களில் காலனியில் ஒரு பரபரப்பு ஓடும், ஆளாளுக்குக் குளியலறைக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள், யார் உப்புப் போடவில்லை என்று சண்டை பிடிப்பார்கள், மறக்கவேண்டும் என்றே சிலர் மறக்கிறார்கள் என்ற பேச்சும் இருந்தது.

சுகிர்தாவின் கை ஆற இரண்டு மாதம் ஆனது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. மருத்துவமனையில் பயிற்சி என்று அவள் காலையிலேயே கிளம்பிவிட்ட ஒரு நாள், வால்வைத் திருப்பியதிலிருந்து விடுதியிலேயே குளித்துவந்த நவமணி தன் வீட்டுக் குளியலறையில் குளிக்கப் போனாள். சுவரைத் துடைத்திருந்தாள், கசிவை அடைத்திருந்தாள். சோப்பைத் தேய்த்ததும் நுரை பொங்கிப் பொங்கி வந்தது, இத்தனை நுரையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை, பயமாகக்கூட இருந்தது. தண்ணீர் ஊற்றினாள். கையைத் தடவிப் பார்த்தாள், வழுவழுவென்று சோப்பு அப்படியே இருந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினாள். தோளில் இருந்தது, கழுத்தில் இருந்தது. இன்னொரு வாளி பிடித்தாள். ஊற்ற ஊற்ற அதே வழுக்கல். வாளியை நிரப்பி நிரப்பி ஊற்றினாள், சொம்பு சுவரில் மோதி மோதிச் சத்தம் போட்டது.

"என்னாச்சு நவமணி, தொட்டிய ஒரேயடியாக் காலி பண்றியா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து சம்பூர்ணம் குரல் கொடுத்தாள்.

"போக மாட்டேங்குதுங்க்கா! எவ்வளவு ஊத்துனாலும் சோப்பு போகவே மாட்டேங்குது!"

 சம்பூர்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் நெருங்கி வந்து சொன்னாள், "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. சோப்பு அப்பவே போயிருச்சு புள்ள. இந்தத் தண்ணியில போனதுக்கு அப்பறமும் இருக்கற மாதிரியேதான் தோணும். தொடச்சுட்டு வெளிய வா."